தூண்டில் போடுறதுக்கு முன்னாடி: ஒரு ஹாலிபட் ஒப்பந்தம், ஒரு காவிரி ஒப்பந்தம்

இந்த எபிசோடு ஒரு நேயர் அனுப்பிய கேள்வியில இருந்து வந்தது. சேலத்துல பிறந்து வளர்ந்து, இப்போ வெளிநாட்டுல வேலை பார்க்கிறவங்க. லீவுக்குக் குடும்பத்தோட அலாஸ்காவுக்கு குரூஸ் கப்பல்ல போகப்போறாங்க. கப்பல் ஜூனோ துறைமுகத்துல ஒரு பகல் நிற்குமாம். அந்த நேரத்துக்குள்ள ஒரு சின்னப் படகை வாடகைக்கு எடுத்து, ஹாலிபட் மீன் பிடிக்கப் போகணும்னு ஆசை. அதுக்காக ரெண்டு மாசமா திட்டம் போடுறாங்க. கடைசியா ஒரு வரி எழுதியிருந்தாங்க: "இவ்வளவு பெரிய காவிரி பக்கத்துல வளர்ந்தேன். ஆனா லீவுல மீன் பிடிக்கப் போறதுன்னு ஒரு விஷயமே நம்ம ஊர்ல ஏன் இல்லாம போச்சு?"

நல்ல கேள்வி. இதுக்குப் பதில் சொல்ல ரெண்டு காகிதங்களைப் பார்க்கணும். ஒண்ணு 1923-ல் கையெழுத்தானது, இன்னொண்ணு 1924-ல்.

முதல்ல ஹாலிபட் என்னன்னு சொல்லிடறேன். இது தட்டையான மீன். கடல் தரையில படுத்தே கிடக்கும். ரெண்டு கண்ணும் உடம்போட ஒரே பக்கத்துல இருக்கும். பசிபிக் ஹாலிபட் 200 கிலோவுக்கு மேலேயும் வளரும், 50 வருஷம் வரைக்கும் உயிரோட இருக்கும். நம்ம கடல்லயும் தட்டை மீன் உண்டு. இந்திய ஹாலிபட்னு சொல்ற மீனை நம்ம கடற்கரையில 'எருமை நாக்கு'ன்னு கூப்பிடுவாங்க. அதோட அறிவியல் பெயர்லயே, செட்டோடஸ் எருமெய்னு, நம்ம எருமை போய் உட்கார்ந்திருக்கு.

பசிபிக் கடலோரத்துல ரயிலும் ஐஸும் வந்தபிறகு ஹாலிபட் பெரிய வியாபாரம் ஆச்சு. பிடிச்ச மீனை ஐஸ் பெட்டியில அடைச்சு, ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கிற நகரங்களுக்கு அனுப்ப முடிஞ்சது. சில பத்து வருஷங்கள்லயே மீன் குறைய ஆரம்பிச்சது. படகுக்காரங்களே கவலைப்பட்டாங்க. 1923 மார்ச் 2-ம் தேதி அமெரிக்காவும் கனடாவும் வாஷிங்டனில் ஒரு ஒப்பந்தம் போட்டன. குளிர்காலத்தில் மூணு மாசம் ஹாலிபட் பிடிக்கக் கூடாது, இந்த மீனை ஆராய ஒரு கூட்டு ஆணையம் வேணும், இதுதான் சாரம். வரலாறு படிக்கிறவங்களுக்கு இது வேற காரணத்துக்காகவும் தெரிஞ்சிருக்கும். பிரிட்டனோட பிரதிநிதி கூட நின்னு கையெழுத்துப் போடாம, கனடா தனியா கையெழுத்துப் போட்ட முதல் வெளிநாட்டு ஒப்பந்தம் இதுதான். மீன்வள அமைச்சர் எர்னஸ்ட் லாப்வான்ட் போட்டார். ஒரு காலனி தன் சொந்தக் காலில் நின்ன கதை, ஒரு மீன் வழியா நடந்தது.

அந்த ஆணையம் நூறு வருஷம் கழிச்சும் வேலை செய்யுது. ஒவ்வொரு வருஷமும் கடல்ல எவ்வளவு ஹாலிபட் இருக்குன்னு கணக்கெடுத்து, யார் எவ்வளவு பிடிக்கலாம்னு சொல்லுது. நம்ம நேயர் ரெண்டு மாசமா திட்டம் போடுறாங்கன்னு சொன்னேன் இல்லையா, அந்தத் திட்டத்துல பாதி இதுதான். வெளியூர்க்காரங்களுக்கு லைசென்ஸ் வேணும். ஜூனோ இருக்கிற தென்கிழக்கு அலாஸ்காவுல வாடகைப் படகுல போறவங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு மீன்தான், அதுக்கும் நீள அளவு விதி உண்டு. கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடி கரைக்குத் திரும்பணும். பிடிச்ச மீனை யார் வெட்டி, ஐஸ் வெச்சு வீட்டுக்கு அனுப்புவாங்கன்னும் பார்க்கணும். கேட்க சலிப்பா இருக்கும். ஆனா அந்தச் சலிப்பான விதிகள் இருக்கிறதாலதான் அந்த மீன் இன்னும் அங்கே இருக்கு.

இப்போ ரெண்டாவது காகிதத்துக்கு வருவோம்.

1924, பிப்ரவரி 18

ஹாலிபட் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரு வருஷம்கூட முழுசா ஆகல. சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் காவிரி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. கண்ணம்பாடியில் மைசூர் கட்டும் அணை எவ்வளவு தேக்கலாம், மேட்டூரில் சென்னை எவ்வளவு தேக்கலாம், எவ்வளவு நிலத்துக்குப் பாசனம் விரிக்கலாம்னு பேசின காகிதம் அது. கணக்கெல்லாம் தண்ணிக்கும் நிலத்துக்கும்தான். அடுத்த வருஷம், 1925-ல், மேட்டூரில் வேலை தொடங்கிச்சு. 1934-ல் அணை திறந்தாங்க. அப்போதைய கவர்னர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லி பெயரில் ஸ்டான்லி நீர்த்தேக்கம். முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி.

இந்த எண்களை நம்ம ஊர்ல யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்ல. டெல்டா விவசாயியோட வீட்டுச் சாப்பாடே இந்த எண்கள்ல இருக்கு. மேட்டூர் நீர்மட்டம் இன்னைக்கு எத்தனை அடின்னு தமிழ்ப் பத்திரிகை ஒவ்வொண்ணும் தினமும் போடும். ஜூன் 12-ல் திறந்தாங்களா, தள்ளிப்போச்சான்னு மொத்த மாநிலமும் பார்க்கும். அணை வேணாம்னு நான் சொல்ல வரல. ஆனா அந்தத் தண்ணிக்குள்ள என்ன நீந்துச்சுன்னு எந்தப் பத்தியிலயும் வராது. அதைத்தான் இன்னைக்குப் பேசப்போறோம்.

துரைமார்கள் போட்ட பிளான்

லீவுல மீன் பிடிக்கப் போறதுன்னு ஒரு விஷயமே நம்ம பக்கம் இல்லைன்னு நேயர் சொன்னாங்க. ஒரு காலத்துல இருந்தது. பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு மட்டும்.

ஹென்றி சலிவன் தாமஸ்னு ஒரு சென்னை மாகாண ஐசிஎஸ் காலத்து அதிகாரி. 1873-ல் இந்தியாவில் தூண்டில் போடுறதைப் பத்தி 'தி ராட் இன் இந்தியா'ன்னு ஒரு புத்தகம் எழுதினார். எந்த மாசம் போகணும், தண்ணி என்ன நிறத்துல இருக்கணும், எந்த முள், எந்த நூல், எல்லாம் அதுல இருக்கும். அவர் மனசைப் பறிச்ச மீன் மஹ்சீர். கெண்டை வகையிலேயே ரொம்பப் பெரிசா வளர்ற மீன்கள்ல ஒண்ணு. பெரிய பெரிய செதில், பாறையும் சரளைக்கல்லும் நிறைஞ்ச வேகமான ஆத்துல வாழும். அளவுக்கு அளவு பார்த்தா, ஐரோப்பிய சால்மனைவிட இது தூண்டில்காரனுக்கு அதிக வேலை கொடுக்கும்னு சொன்னவர் அவர்.

ஆனா தாமஸ் வெறும் ஜாலிக்குத் தூண்டில் போட்டவர் இல்ல. ஆத்து மீன் அழியுது, சின்னக் கண்ணி வலையில குஞ்சுகளை வாரி எடுக்குறாங்க, விஷம் கலக்குறாங்கன்னு அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினவர். அதே 1873-ல் பிரான்சிஸ் டேன்னு இன்னொரு அதிகாரியும் இந்தியா, பர்மா நன்னீர் மீன்வளம் பத்தி பெரிய அறிக்கை கொடுத்தார். இதெல்லாம் சேர்ந்துதான் 1897-ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. தண்ணியில வெடி வெச்சும் விஷம் கலந்தும் மீன் பிடிக்கிறது குற்றம்னு அந்தச் சட்டம் சொல்லுது.

இதுல ஒரு முரண் இருக்கு. தாமஸ் மாதிரி ஆட்கள் ஆத்தங்கரைக்காரங்களோட வலையைத்தான் குறை சொன்னாங்க. வலை வீசினவனுக்கு அது சாப்பாடு, தூண்டில் போட்டவருக்கு அது லீவு. ஆனா அம்பது அறுபது வருஷத்துல ரெண்டு பேரையும் விடப் பெரிய விஷயம் வந்து ஆத்துக்குக் குறுக்கே நின்னுச்சு.

சுவருக்கு மேலே, சுவருக்குக் கீழே

மஹ்சீருக்கு மேலேயும் கீழேயும் போகணும். வெள்ளம் வரும்போது ஆத்துல ஏறிப் போய், சரளைக்கல் படுகையில முட்டை போடும். கடல்ல இருந்து உல்லம் ஏறும், வங்காளிகள் உயிரையே விடுற ஹில்சாதான் அது. அணைகளால காவிரியில உல்லம் ஏறுறது ஏறக்குறைய நின்னே போச்சுன்னு மீன் ஆய்வாளர்கள் எழுதியிருக்காங்க. சுவர் மட்டும் காரணம் இல்ல. மேட்டூர் வெள்ளத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டதும் காரணம். 'இப்போ ஏறு'ன்னு மீனுக்குச் சொல்றதே அந்த வெள்ளம்தானே.

அணைக்குள்ள வேற கதை. சுமார் 150 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரி புதுசா உருவாச்சு. பல கிராமங்கள் உள்ளே போச்சு. நீர்மட்டம் நல்லா இறங்கினா பண்ணவாடி பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி சிலையும், பழைய கிறிஸ்தவ ஆலயத்தோட கோபுரமும் வெளியே தெரியும். அதைப் பார்க்கவே கூட்டம் வரும். அந்தத் தேங்கின தண்ணியில வேகமான ஆத்து மீனுக்கு வேலை இல்ல. கட்லா மாதிரி மீன்கள் செழிச்சது. கட்லா காவிரியோட சொந்த மீன் இல்ல, கோதாவரியில இருந்து கொண்டுவந்து விட்டது. ஜிலேபி கெண்டை இன்னும் தூரம், 1952-ல் பாங்காக்கில் இருந்து மண்டபத்துக்கு வந்து, அங்கிருந்து நாடு முழுக்கப் பரவிச்சு. இன்னைக்கு மேட்டூர் மீன்னு ரோட்டோரம் வாங்குறோமே, அதுல கணிசமானது வந்தேறி மீன்தான். அதை நம்பி மேட்டூர்ல நிறைய மீனவக் குடும்பங்கள் பிழைக்குது. அதனால இதை வெறும் சோகக் கதையாவும் சொல்ல முடியாது.

அணைக்குக் கீழே, நம்ம சேலம், நாமக்கல் சமவெளிக்கு வாங்க. மேட்டூருக்கும் ஈரோட்டுக்கும் நடுவுல மின்சாரத்துக்காகக் கதவணைகள் வந்துச்சு. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டைன்னு வரிசையா. பூலாம்பட்டியில படகுல ஏறி எதிர்க்கரைக்குப் போறோமே, அந்த அகலமான அமைதியான தண்ணி கதவணை தேக்கினதுதான். போட்டோவுக்கு கேரளா மாதிரி இருக்கும். மீனுக்கு அது படிப்படியா கட்டின தொட்டி. அதுக்குக் கீழே குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் சாயக்கழிவு. இன்னும் கீழே பரமத்தி வேலூர், மோகனூர் பக்கம் மணல் அள்ளின பள்ளம். சரளையும் மணலும் போனா முட்டை போடற இடமும் போச்சு.

நான் சின்ன வயசுல லீவுன்னா ஜேடர்பாளையம்தான். அணைக்கட்டுல குளிச்சிட்டு, இலையில மீன் வறுவல் வாங்கிச் சாப்பிட்டுட்டு, சாயங்காலம் பஸ் ஏறுவோம். ராஜவாய்க்காலுக்குத் தண்ணி திருப்புற பழைய அணைக்கட்டு அது. அல்லாள இளைய நாயக்கர் கட்டினதுன்னு ஊர்ல சொல்வாங்க, அவருக்கு அங்கே சிலையும் இருக்கு. நாங்க மீனைச் சாப்பிட்டோம். என்ன மீன்னு ஒருநாளும் கேட்டதில்ல. கேட்கணும்னு யாருக்கும் தோணல. நம்ம ஊர் 'மீன் பிடிக்கப் போற லீவு' இப்படித்தான் 'மீன் சாப்பிடப் போற லீவு' ஆச்சு.

நோட்டுப் புத்தகம் சொன்ன ரகசியம்

இப்போ காவிரியோட மேல் பகுதிக்கு, கர்நாடகப் பக்கம் போவோம். காவிரி மஹ்சீருக்கு முதுகுல ஒரு திமில் உண்டு. 1919-ல் கர்னல் ரிவெட் கார்னக் காவிரியில பிடிச்சது 119 பவுண்டு, கிட்டத்தட்ட 54 கிலோ. 1946-ல் மைசூரைச் சேர்ந்த டி வெட் வான் இங்கன் கபினி ஆத்துல 120 பவுண்டு பிடிச்சார். சுதந்திரத்துக்குப் பிறகு இந்த மீனே இல்லாம போச்சுன்னு வெளிநாட்டுத் தூண்டில்காரங்க நினைச்சாங்க. 1977-78-ல் மூணு ஆங்கிலேய இளைஞர்கள் இந்தியா முழுக்கத் தேடி வந்து, கடைசியில காவிரியில அந்தப் பெரிய மீனைப் பிடிச்சுக் காட்டினாங்க. இரை என்ன தெரியுமா? கேழ்வரகு மாவு உருண்டை. நம்ம களிதான்.

அதுக்கப்புறம் பீமேஸ்வரி, கலிபோரே மாதிரி இடங்கள்ல தூண்டில் முகாம்கள் வந்துச்சு. விதி ஒண்ணுதான்: பிடி, எடை போடு, திரும்ப விடு. வலையும் வெடியும் போட்ட உள்ளூர்க்காரங்க பலருக்கு அங்கேயே வழிகாட்டி வேலை, காவல் வேலை கிடைச்சது. முகாம்ல ஒரு பழக்கம் இருந்தது. யார் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டாங்க, என்ன மீன், என்ன எடைன்னு நோட்டுல எழுதுவாங்க.

சூழல் சுற்றுலா, வனவிலங்குச் சட்டம்னு விவாதம் வந்து, 2010-ஐ ஒட்டின வருஷங்கள்ல சரணாலயத்துக்குள்ள தூண்டில் போடறது நின்னுபோச்சு. அப்புறம்தான் ஆய்வாளர்கள் அந்த நோட்டுகளைப் புரட்டினாங்க. 1998-ல் இருந்து 2012 வரைக்குமான கலிபோரே கணக்கு. மொத்த மீன் எண்ணிக்கையைப் பார்த்தா கூடிக்கிட்டே வருது, எல்லாம் நல்லா இருக்குன்னு தோணும். மீன் வாரியாப் பிரிச்சுப் பார்த்தா கதை தலைகீழ். கூடினது நீலத்துடுப்பு மஹ்சீர். அது காவிரிக்கு வெளியில இருந்து வந்தது. லோனாவாலாவுல குஞ்சு பொரிக்க வெச்சு, மஹ்சீரைக் காப்பாத்தறோம்னு நல்லெண்ணத்தோட ஆறுகள்ல விட்ட இனம். காவிரியோட சொந்த மீனான திமில் மஹ்சீர் வருஷத்துக்கு வருஷம் குறைஞ்சு, ஏறக்குறைய காணாமலே போயிருந்தது.

இன்னொரு அதிர்ச்சி. நூறு வருஷத்துக்கு மேல உலகமே கொண்டாடின இந்த மீனுக்கு அதுவரைக்கும் உறுதியான அறிவியல் பெயரே கிடையாது. பெயர் இல்லாத மீனை எந்தச் சிவப்புப் பட்டியல்ல சேர்க்கிறது? 2018-ல் வெளிவந்த ஒரு ஆய்வு அதைத் தீர்த்து வெச்சது. மோயாற்றுல கிடைச்ச மீன்களை வெச்சு, கேரளத்துப் பாம்பாற்றுல இருந்து முன்னாடியே விவரிக்கப்பட்ட டோர் ரெமாதேவிதான் இந்தத் திமில் மஹ்சீர்னு நிரூபிச்சாங்க. சென்னையில இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்துல வேலை பார்த்த மீன் அறிஞர் ரெமா தேவியோட பெயர் அது. அதே வருஷம் அந்த மீன், மிக ஆபத்தான நிலையில இருக்கிற இனமா உலகச் சிவப்புப் பட்டியல்ல ஏறிச்சு.

வரைபடத்தை மனசுல கொண்டுவாங்க. பாம்பாறு அமராவதியில சேருது. அமராவதி கரூர் பக்கம் காவிரியில சேருது, எதிர்க்கரை நம்ம நாமக்கல் மாவட்டம். மோயாறு பவானியில சேருது. பவானி கூடுதுறையில காவிரியில கலக்குது, எதிர்க்கரை குமாரபாளையம். அந்த மீனோட மிச்சம் ஒதுங்கி நிற்கிற ஆறுகளோட தண்ணி ரெண்டு பக்கமும் நம்ம வாசலுக்குத்தான் வருது.

சரி, பிளான் போடலாமா?

இப்போ கேள்விக்கு நேரா வரேன். நம்ம ஊர்ல லீவுல மீன் பிடிக்கப் போறது ஏன் இல்லாம போச்சு? 1923-ல் அங்கே மீனை எண்ண ஒரு ஆளை வெச்சாங்க. 1924-ல் இங்கே தண்ணியை மட்டும் எண்ணினாங்க. எண்ணாதது எப்போ போச்சுன்னே யாருக்கும் தெரியாது. கடைசியில எண்ணி வெச்சிருந்தது, ஜாலிக்கு வந்த தூண்டில்காரங்களோட ஒரு நோட்டு. அதுக்காகச் சரணாலயத்துக்குள்ள மறுபடியும் தூண்டில் விடணும்னு நான் வாதாட வரல. விளையாட்டுக்காக ஒரு உயிரை முள்ளுல இழுக்கிறது சரியாங்கிற கேள்வி நியாயமானது. ஆனா தடை போட்ட இடத்துல எண்ணுறதுக்கு வேற ஆள் போடலைன்னா, பாதுகாப்புங்கிறது வெறும் கண்ணை மூடிக்கிறதுதான்.

உங்களுக்கு நிஜமாவே போகணும்னா, அலாஸ்காவுக்குப் போடற அதே பிளானை இங்கேயும் போடுங்க. ஒகேனக்கல் பக்கத்துக் காடுகள் பெரும்பாலும் காவிரி வடக்கு, தெற்கு வனவிலங்குச் சரணாலயங்கள். அங்கே வனத்துறை அனுமதி இல்லாம தூண்டில் எடுக்காதீங்க. மேட்டூர் நீர்த்தேக்கத்துல உரிமம் வாங்கின மீனவங்க தொழில் செய்யறாங்க. மீன்வளத்துறை அலுவலகத்துல கேட்டுட்டு, அவங்களையும் கேட்டுட்டு இறங்குங்க. அணைக்குக் கீழே எங்கே போனாலும் எவ்வளவு கன அடி திறக்கிறாங்கன்னு காலையில பார்த்துட்டுப் போங்க. தண்ணி சொல்லிட்டு வராது. மண்புழுவும் தக்கையும் மூங்கில் குச்சியும் போதும்.

அப்புறம் ஒரு நோட்டு எடுத்துட்டுப் போங்க. தேதி, இடம், எத்தனை மணி நேரம், என்ன மீன், எவ்வளவு நீளம். பேர் தெரியலைன்னா பக்கத்துல வலை காய வைக்கிற அண்ணன்கிட்ட, மீன் ஆயற அக்காகிட்ட கேளுங்க. உங்க தாத்தா காலத்துல இங்கே என்ன மீன் கிடைச்சதுன்னும் சேர்த்துக் கேளுங்க. அவங்க சொல்றதையும் எழுதிக்குங்க. ஒண்ணுமே கிடைக்கலைன்னாலும் எழுதுங்க. ஒண்ணும் கிடைக்காத நாளும் கணக்குதான்.

நீங்க எழுதி அனுப்புறதை வெச்சு ஒரு தனி எபிசோடே பண்ணலாம்னு இருக்கேன். அடுத்த வாரம் பார்க்கலாம்.